பதிப்புரிமை: படைப்பாளிகளின் கேள்விகளும் பதில்களும்

இங்குள்ள பதில்கள் அனைத்தும் இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் அதில் 2012இல் செய்யப்பட்ட திருத்தங்களையும் அடிப்படையாகக் கொண்டவை.

கேள்வி: வணக்கம் ஐயா. என் நாவலைப் பதிவு செய்யாமல் பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா? எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள்.

பதில்: தாராளமாக அனுப்பலாம். நாவலை எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையதாகிவிட்டது, பதிவு கட்டாயமன்று. ஆயினும், பதிவேட்டில் உள்ள விவரங்களை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக (மாறாக நிரூபிக்கப்படும் வரை உண்மையெனக் கொள்ளும் சான்றாக) ஏற்கும் என்பதாலும், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான் என்பதாலும், பதிந்துகொள்வது நல்லது. விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். தபால் உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு ஏதுமில்லை. திருத்தங்களுடன் கூடிய வரைவுகளும், தேதியுடன் அனுப்பிய மின்னஞ்சல்களும் அதைவிட வலுவான சான்றுகள்.

கேள்வி: பதிப்பகத்தார் அனுப்பிய ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளையும் அளிக்கிறேன்’ என்று ஒரே வரி இருக்கிறது. கையெழுத்திடலாமா?

பதில்: இப்படியே இடாதீர்கள். திருட்டில் போகும் உரிமையைக் காட்டிலும் எழுதியவரே போட்ட கையெழுத்தில் போகும் உரிமைதான் அதிகம் என்பது என் எண்ணம். உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்றும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டுகள், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவற்றைக் குறிப்பிட வேண்டும் என்றும் 19ஆம் பிரிவு கூறுகிறது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். மாற்றிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். இந்தப் பாதுகாப்புகளை நம்பி மௌனமாக இருப்பதைவிட, ‘தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், மூன்றாண்டுகளுக்கு’ என்று உரிமமாக, அதாவது உரிமையை மாற்றித் தராமல் பயன்படுத்த மட்டும் தரும் அனுமதியாக, எழுதிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்னூல், திரைப்படம் ஆகியவை தனித்தனி உரிமைகள். கேட்காமலேயே அவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் விற்பனைக் கணக்கு தர வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல பதிப்பாளர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

கேள்வி: என் நூலின் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் இணைப்பு, தேதி, அலைவரிசையின் (சேனலின்) பெயர் ஆகியவை தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவையுங்கள், புகார் கொடுத்தபின் அவை மறைந்துவிடலாம். பிறகு தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். விதிகளின்படி, புகார் முறையாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பை யாரும் திறக்க முடியாதபடி தளம் தடுக்க வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணையைக் காட்டாவிட்டால் அதை மீண்டும் திறந்துவிடலாம். நடைமுறையில் பல தளங்கள் தங்கள் சொந்தப் புகார்ப் படிவத்திலேயே கோப்பை நீக்கிவிடுகின்றன, ஆகவே அதையே முதலில் முயலுங்கள். வழக்கு வரை போக நேர்ந்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு இடமளிக்கிறது. பகிர்ந்தவர் முகமற்றவர் என்பதும் தடையன்று: போட்டித் தேர்வு நூல்களின் ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், அலைவரிசைகளை நடத்தியவர்களின் விவரங்களைத் தருமாறு டெலிகிராமுக்கு 2022இல் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

கேள்வி: என் சிறுகதையின் கருவும் ஒரு படத்தின் கருவும் ஒன்றாக உள்ளன. வழக்குப் போடலாமா?

பதில்: கரு மட்டும் ஒன்று என்றால் பயனில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட விதத்துக்கே உண்டு என்று நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. காட்சிகளின் வரிசை, பாத்திரங்கள், உரையாடல் ஆகியவற்றில் கணிசமான பகுதி ஒத்திருந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: நான் திருமணப் படங்கள் எடுப்பவன். படங்களின் உரிமை எனக்குத்தானே?

பதில்: இல்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உங்கள் விளம்பரத்துக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டுமானால் முன்பதிவின்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓவியத்தின் உரிமையை விற்றுவிட்டேன். வாங்கியவர் என் பெயரை நீக்கி அச்சிட்டிருக்கிறார்.

பதில்: உரிமையை விற்றபின்னும், படைத்தவர் தாமே என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கிறது. பெயரைச் சேர்க்குமாறு வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள்.