5600ஜி கணினியில் வீடியோ எடிட்டிங் திணறினால் ப்ராசஸரை மாற்ற வேண்டுமா?

ப்ராசஸரை மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, இப்போதுள்ளதைப் போன்ற இன்னொரு 16 ஜிபி ரேமை வாங்கிப் பொருத்துங்கள்.

ரைசன் 5 5600ஜியுடன் ஒரே ஒரு டிடிஆர்4 3200 ரேம் இருப்பதாகவும், எடிட்டிங்கில் முன்னோட்டம் விட்டுவிட்டு ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த அமைப்பில் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒரு ரேம் மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவுதான் செல்ல முடியும், இரண்டு சேர்ந்தால் அது 51.2 ஜிபி ஆகும். பெரும்பாலும் இந்த நெருக்கடியே காரணமாக இருக்கும்.

வாங்கும் முன் இதைச் சோதியுங்கள்:

1. டாஸ்க் மேனேஜரில் மெமரியின் வேகத்தைப் பாருங்கள். 3200க்குப் பதிலாக 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, இயக்குங்கள். இதற்குச் செலவே இல்லை.

2. நான்கு ஸ்லாட்டுகள் இருந்தால், வழக்கமாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். போர்டின் கையேட்டில் உறுதிசெய்துகொண்டு, பக்கத்துக் கொக்கி 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் கேமரா 10 பிட் எச்.264 என்ற வடிவில் வீடியோ கோப்புகளைத் தருமானால், இந்தக் கிராபிக்ஸால் அவற்றை விரிக்க முடியாது என்பதால் முழுச் சுமையும் ப்ராசஸர் மீதே விழும். அப்போது ரேம் சேர்த்தாலும் திணறல் முழுமையாகத் தீராது. ப்ராக்ஸி கோப்புகளை (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் எடை குறைந்த நகல்கள்) உருவாக்கி எடிட் செய்வதே சிக்கனமான வழி.