வாய்க்குள் போனாலும் பயமில்லாத வண்ணங்கள்

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். கைக்குழந்தைகளைப் பெயின்டில் விளையாட விடும் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. ஆனால் அதற்கென விற்கும் கிட் விலை அதிகம். இவளோ எதைக் கொடுத்தாலும் நேராக வாயில் வைக்கிறாள். ஈரத்தில் விளையாடினால் சளி பிடிக்கும் என்று மாமியார் வேறு சொல்கிறார். வீட்டிலேயே என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கிட் வேண்டாம் அம்மா. உங்கள் அடுப்படியில் இருப்பதே போதும்.

எட்டு மாதக் குழந்தை ஒரு பொருளை அறிவதில் கைக்கு நிகரான பங்கு வாய்க்கும் உண்டு. வழவழப்பா, சொரசொரப்பா, குளிர்ச்சியா என்று நாக்கும் உதடும் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதைத் தடுத்துக்கொண்டே இருந்தால் விளையாட்டு இரண்டு பேருக்கும் தண்டனையாகிவிடும். எனவே, ஏற்கெனவே அவளுக்கு ஊட்டிப் பழகி, ஒத்துக்கொண்ட உணவுகளிலிருந்தே வண்ணத்தை எடுங்கள். 'நச்சில்லாதது' என்று டப்பாவில் அச்சடித்திருந்தால், அது சாப்பிடக்கூடியது என்று பொருளில்லை.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கூழ் பதம் வரும்வரை கிளறுங்கள். மாவு கட்டாயம் வெந்திருக்க வேண்டும். பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம். நன்றாக ஆறியதும் மூன்று கிண்ணங்களில் பிரித்து, ஒன்றில் வேகவைத்து அரைத்த பீட்ரூட், இன்னொன்றில் வேகவைத்து அரைத்த பாலக்கீரை, மற்றதில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் கலந்துவிடுங்கள். நிறம் தூக்கலாகத் தெரிய வேண்டுமென்று மஞ்சளை அள்ளிப் போடாதீர்கள். உதிரியாக விற்கும் மஞ்சள் தூளில் பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் சேர்ந்த சாயம் கலக்கும் கலப்படம் உண்டு. வீட்டில் கிழங்கு வாங்கி அரைத்ததென்றால் நல்லது. கேழ்வரகுக் கூழ் தனியாகவே அழகான பழுப்பு. சர்க்கரை, உப்பு எதுவும் சேர்க்க வேண்டாம். ஒரு வயது ஆகாததால் தேனும் கூடாது. மிஞ்சியதை எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள், நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும்.

காகிதம் தேவையில்லை. நனைந்த காகிதத்தைப் பிய்த்து வாயில் திணித்துக்கொள்வாள். பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்து, ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு கரண்டி ஊற்றுங்கள். தட்டினால் ஓசை வரும், தடவினால் கோடு விழும், அடியில் வெள்ளி மினுக்கும். பிரஷ்ஷும் இப்போது வேண்டாம். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து பொருளைப் பற்றுவது பெரும்பாலும் ஒன்பது, பத்து மாதத்தில்தான் கைவரும். அதுவரை உள்ளங்கையால் அறைவதும் வழிப்பதும்தான் அவளுடைய ஓவியம். கையைப் பிடித்துப் பூ வரைய வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சில்லுனு இருக்கா? வழுக்குதா?" என்று பேசிக்கொண்டிருங்கள். அந்தப் பேச்சை நான் வண்ணத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

உங்கள் மாமியாரின் கவலைக்கும் வழி இருக்கிறது. சளி பிடிப்பது வைரஸால், ஈரத்தால் அல்ல. ஆனாலும் அவரோடு வாதாட வேண்டாம். வெயில் ஏறியபிறகு, குளிப்பாட்டுவதற்குச் சற்று முன் பத்து நிமிடம் விளையாட விட்டு, அப்படியே வெந்நீரில் குளிப்பாட்டிவிடுங்கள். கூழ் கிளறும் வேலையையே அவரிடம் கொடுத்துப் பாருங்கள்; பதம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

சில குழந்தைகளுக்குக் கையில் பிசுபிசுப்பு பிடிக்காது. முகத்தைத் திருப்புவது, விரல்களை மடக்கிக்கொள்வது, முதுகை வளைப்பது எல்லாம் 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். உடனே நிறுத்திவிடுங்கள். மறுநாள் கூழைக் கெட்டியான ஜிப் கவரில் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, நான்கு ஓரமும் அகலமான டேப்பால் தரையில் ஒட்டிக் கொடுங்கள். கை நனையாமலே அமுக்கி, வண்ணங்கள் கலப்பதைப் பார்ப்பாள். பிளாஸ்டிக் என்பதால் நீங்கள் அருகிலேயே இருக்க வேண்டும்; முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுங்கள்.

கிட்டவே சேர்க்கக்கூடாதவையும் உண்டு. வண்ணக் கோலப்பொடி, குங்குமம், ஜிகினா, பயறு, மணி. உப்பு போட்டுப் பிசைந்த மாவும் கூடாது. அவ்வளவு உப்பு குழந்தை உடம்புக்கு ஆபத்து. ஆரத்தித் தட்டின் சிவப்பு நீர் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் வண்ண ஜெல் உருண்டைகளுக்கு. விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் பெருத்துக் குடலை அடைக்கும். பெரிய பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் ஒன்றுகூட உருண்டு கிடக்காமல் பாருங்கள்.

பீட்ரூட்டோடு விளையாடிய மறுநாள் சிறுநீரோ மலமோ சிவந்திருந்தால் பதற வேண்டாம், அந்த நிறம்தான். பீட்ரூட் உள்ளே போகாத நாளில் அப்படிச் சிவந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.