‘அரிய நிறம்’ என்று வாங்கிய நாய்க்குட்டிக்கு முடி கொட்டினால் யார் பொறுப்பு?

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். சென்ற ஆண்டு சேலத்தில் ஒரு ப்ரீடரிடம் மினியேச்சர் டாஷண்ட் பெண் குட்டி ஒன்று வாங்கினோம். ‘இசபெல்லா, அரிய நிறம், கேசிஐ (நாய்களைப் பதிவு செய்யும் இந்திய கென்னல் கிளப்) பேப்பர் உண்டு’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பியிருந்தார். சாதாரண நிறக் குட்டிக்கு 20,000 ரூபாய் கேட்டவர், இதற்கு 65,000 வாங்கினார். 45 நாள் குட்டியாக வீட்டுக்கு வந்தது. பத்தாவது மாதத்தில் முடி கொட்டத் தொடங்கி, இப்போது பாதி முதுகு வழுக்கை. ‘இது நிறத்தோடு வந்த கோளாறு, தீராது’ என்கிறார் கால்நடை மருத்துவர். கேசிஐ சான்றிதழில் நிறம் ‘சாக்லேட் அண்ட் டான்’ என்று இருப்பதை இப்போதுதான் கவனித்தோம். ப்ரீடரோ, ‘விற்ற பின் பொறுப்பில்லை என்று ரசீதிலேயே இருக்கிறது. வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துப் போங்கள்’ என்கிறார். பக்கத்துத் தெருவில் இதே நிறத்தில் ஓர் ஆண் நாய் இருக்கிறது. ஒரு முறை ஜோடி சேர்த்தால் போட்ட பணம் வந்துவிடும் என்கிறான் என் தம்பி. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஓமலூர்

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகிலும் காது மடலிலும் தோல் தெரிகிறது. ஆனால் கண்ணுக்கு மேலே உள்ள இரண்டு பொட்டுகளும், கால்களில் உள்ள செம்பழுப்பும் அடர்த்தி குறையாமல் பளபளவென்று இருக்கின்றன. உங்கள் வழக்குக்கு முதல் சாட்சி அந்தப் பொட்டுகள்தான். சொறியும் பூஞ்சையும் நிறம் பார்த்து வருவதில்லை. வெளிறிய நிற முடி மட்டும் உதிர்ந்து மற்ற முடி நிற்கிறது என்றால், நிறம் வெளிறியதோடு சேர்ந்து வரும் முடி உதிர்வு என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் அது தலைகாட்டும். 45 நாள் குட்டியைக் கையில் வாங்கிப் பார்க்கும் யாருக்கும் அது தெரியாது. உங்கள் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் மனத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பழுப்பு நிறத்துக்கான மரபணுவும், நிறத்தை வெளிறச் செய்யும் மரபணுவும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் இசபெல்லா என்னும் வெளிறிய பழுப்பு நிறக் குட்டி பிறக்கும். ஓர் ஈத்தில் எதிர்பாராமல் பிறந்திருக்கலாம். ஆனால் அந்த நிறத்தின் பெயரைச் சொல்லி மூன்று மடங்குக்கு மேல் விலை வைத்தவர், அதைப் பற்றி எதுவும் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தரநிலையில் இல்லாத நிறத்தில் நாய் வளர்ப்பதையோ விற்பதையோ இந்தியச் சட்டம் எதுவும் தடை செய்யவில்லை. இனத் தரநிலை என்பது கென்னல் கிளப்புகளின் விதி. அதிலும் கிளப்புக்குக் கிளப் வேறுபாடு உண்டு. பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, கென்னல் கிளப்புகளின் உலகக் கூட்டமைப்பான எஃப்சிஐயின் தரநிலை, இருநிற டாஷண்டுக்குக் கருப்பையும் பழுப்பையும் மட்டுமே சொல்கிறது. அமெரிக்க கென்னல் கிளப்போ நீலத்தையும் இசபெல்லாவையும் சேர்த்தே ஏற்கிறது. ‘அமெரிக்காவிலேயே ஒப்புக்கொண்ட நிறம்’ என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். நிறத்துக்காக நல்ல நாய்களை ஒதுக்கினால் இனத்தின் ரத்தம் குறுகிவிடும் என்று வாதிடும் வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். அது வெறும் சாக்கு அல்ல, யோசிக்க வேண்டிய வாதம். இசபெல்லா நாய்கள் எல்லாவற்றுக்கும் முடி கொட்டுவதும் இல்லை. ஆகவே ‘தரநிலையில் இல்லாத நிறத்தை விற்றார்’ என்று புகாரைத் தொடங்கினால் தோற்றுப்போவீர்கள்.

எதைச் சொல்லி விற்றார், எதைச் சொல்லாமல் விற்றார் என்பதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. உங்களிடம் இசபெல்லா என்று சொன்னவர், கிளப்பிடம் சாக்லேட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டில் ஒன்று பொய். நிறத்தில் ஒளிக்க எதுவும் இல்லையென்றால் உண்மை நிறத்தையே எழுதியிருக்கலாமே என்ற கேள்விக்கு அவரால் எளிதில் பதில் சொல்ல முடியாது. பேப்பர் என்பது பரம்பரையைப் பதிவு செய்யும் ஆவணம். உடல்நலத்துக்கு உத்தரவாதம் அல்ல. அதை உத்தரவாதம் போலக் காட்டி விலை ஏற்றியதை நான் மிகவும் கடுமையாகவே பார்க்கிறேன்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் சொத்து எல்லாம் ‘பொருள்’. நாயும் அதில் அடங்கும். வீட்டில் பிள்ளைபோல வளர்வதைப் பொருள் என்று எழுதக் கை கூசும்; ஆனால் இந்த வழக்கில் அந்தச் சொல்தான் உங்களுக்குத் துணை. பொருளின் தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பது அச்சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் ‘பொறுப்பில்லை’ என்று அச்சடித்துக்கொண்டதால் பொய் சொன்னவரின் பொறுப்பு போய்விடாது.

இன்னொரு பிடியும் இருக்கிறது. ‘45 நாள் குட்டி’ என்று நம் ஊரில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. ப்ரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அவருடைய பதிவு எண்ணை வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள். அவர் தரும் பதில், தராத பதில் இரண்டுமே பயன்படும்.

முதலில் மருத்துவச் சான்று. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமித் துகள்கள் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொண்டிருப்பது தெரியும். தேவைப்பட்டால் தோலில் சிறு துணுக்கு எடுத்தும் பரிசோதிப்பார்கள். சொறிப் பூச்சி, பூஞ்சை, தைராய்டு ஆகியவை காரணமல்ல என்பதையும் அறிக்கையில் எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாவிட்டால், நீங்கள் போட்ட தீனி சரியில்லை, தேய்த்த ஷாம்பு சரியில்லை என்று பழி உங்கள் மேல் திரும்பும். விளம்பரம், உரையாடல், ஜிபே பதிவு எதையும் அழிக்க வேண்டாம். கைபேசியையும் மாற்ற வேண்டாம்.

அடுத்து, பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். கொடுத்த விலை, சிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். சான்றிதழில் உள்ள நிறம் தவறு என்று சென்னையில் உள்ள கேசிஐ தலைமையகத்துக்கும் படங்களோடு தனியாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விலைக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். கெடு இரண்டு ஆண்டுகள். முடி கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடலாம் என்று வாதிட இடமுண்டு. இருந்தாலும் வாங்கிய நாளிலிருந்தே எண்ணி, அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். மோசடி என்று காவல் நிலையம் போவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கான ஆதாரம் இன்னும் கையில் இல்லை.

மாற்றுக் குட்டியை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆணையம் மாற்றுப் பொருள் தரவும் உத்தரவிடலாம் என்பதால், ‘நாய் எங்களிடமே இருக்கும், இழப்பீடு மட்டுமே கோருகிறோம்’ என்று புகாரிலேயே எழுதுங்கள். திருப்பிக் கொடுத்தால் அந்தப் பெண் குட்டி அடுத்த ‘அரிய நிற’ ஈத்துக்குத் தாயாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

தம்பியின் யோசனை வேண்டவே வேண்டாம். இரண்டு இசபெல்லா நாய்களைச் சேர்த்தால் பிறக்கும் அத்தனை குட்டியும் இசபெல்லாதான். 18 மாதம் நிறையாத பெண் நாயை ஈனவிடுவதும், பதிவில்லாமல் குட்டி போட வைத்து விற்பதும் அதே 2017 விதிகளுக்கு எதிரானவை. அதோடு, வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஒரு குட்டியை விற்றீர்கள் என்றாலே எதிர்த்தரப்பு அதைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் புகாரை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கும். மருத்துவர் சம்மதித்தால் கருத்தடை செய்து, அந்தச் சீட்டையும் கோப்பில் வையுங்கள்.

வெயில் நேரத்தில் வழுக்கை முதுகு எரியும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போட்டுவிடுங்கள். நாமக்கல் அறிக்கை கைக்கு வந்ததும் ரசீது, சான்றிதழ் நகல்களோடு அனுப்புங்கள். நோட்டீஸின் வாசகத்தைச் சரிபார்த்துத் தருகிறேன்.