வாசகர் கேள்விகள்: கடல் உள்வாங்கினால்தான் ஓட வேண்டுமா?

மாரி தொடங்குவதற்கு முன் அனர்த்தம் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஐந்தை எடுத்திருக்கிறேன்.

அக்கா, சுனாமி வரமுதல் கடல் உள்ளே போகும், அதைப் பார்த்துவிட்டு ஓடலாம் என்று அப்பா சொல்கிறார். சரியா? (வாசகி, திருக்கோவில்)

அதை நம்பி நிற்க வேண்டாம் தங்கச்சி. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது, எங்கள் இலங்கைப் பக்கம் பார்த்த தரை மேலே எழும்பியது, தாய்லாந்துப் பக்கம் பார்த்த தரை கீழே இறங்கியது. அதனால் அங்கே முதலில் கடல் உள்வாங்கியது, இங்கே தண்ணீர் ஏறியபடியே வந்தது. கடல் உள்வாங்குவதைக் கண்டால் கட்டாயம் ஓடுங்கள், ஆனால் உள்வாங்கவில்லையே என்று நிற்காதீர்கள். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலுயே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்தது, அதைப் பெரியவர்கள் ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு. 2004இல் அங்கே ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள், இறந்தவர்கள் ஏழு பேர். எங்களுக்கு அந்தக் கதையை அப்படியே எடுக்க முடியாது, ஏனென்றால் அவ்வளவு தொலைவில் நடக்கும் அதிர்வு எங்கள் காலடியில் பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு முன்கூட்டி வரும் அடையாளம் எச்சரிக்கைச் செய்திதான். அலை இங்கே வர அன்று ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் எங்களிடம் இருந்தது, சொல்ல ஆள்தான் இல்லை. இன்று சொல்ல ஆள் இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைக் கதையாகச் சொல்லுங்கள்.

சுனாமியில் எங்கள் பகுதியில் பெண்களும் பிள்ளைகளும்தான் கூடுதலாகச் செத்துப்போனார்கள். அம்மா அதை விதி என்கிறார். இதை யாராவது ஆராய்ந்தார்களா? (வாசகி, கல்முனை)

ஆராய்ந்தார்கள், அதுவும் உங்கள் கரையிலேயே. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் 13 முகாம்களில் இருந்த 859 குடும்பங்களிடம் வீட்டுக்கு வீடு கேட்டு, 3,533 பேருடைய விபரம் எடுத்து, 2006இல் வெளியிட்டார்கள். ஆண்களில் 8.2 வீதம் பேர் போனார்கள், பெண்களில் 17.5 வீதம். ஐந்து வயதுக்குக் கீழே 31.8 வீதம், அதாவது மூன்று குஞ்சுகளில் ஒன்று. அலை வந்த நேரம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து கூட என்பதும் அதில் வந்தது. அன்று ஞாயிறு, போயா விடுமுறையும் கூட, காலைச் சாப்பாட்டு நேரம், அந்த நேரத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என் மாமி ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினவர், பின்வளவு முள்ளுக்கம்பியில் சேலைத் தலைப்பு மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் பிள்ளைகளில், சேலையை எடுக்க மூன்றாவது கை இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் வந்து தலைப்பைக் கிழித்து இழுத்தபடியால் மூன்று பேரும் இருக்கிறார்கள். இதை நான் விதி என்று எடுக்க மாட்டேன். தூக்கவேண்டியவர்கள் எத்தனை பேர், தூக்கும் கைகள் எத்தனை என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை இன்றைக்கே இருந்து பாருங்கள்: சின்னவனை யார் தூக்குவது, அம்மம்மாவை யார் பிடிப்பது, வீட்டு ஆண்கள் கடலுக்கோ வேலைக்கோ போயிருந்தால் பக்கத்து வீட்டில் யார் வருவது. பின்வேலியில் ஒரு கடப்பு வையுங்கள். பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எச்சரிக்கையை உடனே சொன்னால் சனம் பதறி மிதிபட்டுச் சாகும், கொஞ்சம் பொறுத்து உறுதியானபின் சொல்வதுதான் நல்லது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். (வாசகர், கல்லடி)

இந்தப் பயம் எல்லா நாட்டிலும் இருக்கிறது தம்பி. அமெரிக்காவில் 1963இல் அனர்த்த ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் குவாரன்டெல்லி என்ற சமூகவியலாளர் ஒருவர். அவரும் கூட இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் அனர்த்தம் நடந்த இடங்களுக்குப் போய்ச் சனங்களிடம் கேட்டுக் கண்டது, கண்மண் தெரியாத பதற்றம் மிகவும் அரிது என்பதுதான். உண்மையான சிக்கல் தாமதம். செய்தி கிடைத்ததும் மனிதர் ஓடுவதில்லை, இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தப் பார்க்கிறார்.

2012 ஏப்ரல் 11 பின்னேரம் நானும் கல்லடியில்தான் இருந்தேன். சுனாமி எச்சரிக்கைச் செய்தி வந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன், லைன் இல்லை. படலையடிக்கு வந்தால் முன்வீட்டு மாமாவும் படலையடியில் நிற்கிறார். “உண்மையா பிள்ளை?” என்று அவர் என்னைக் கேட்க, நான் அவரைக் கேட்க, அப்படியே இருபது நிமிடம் போய்விட்டது. பிறகு வெளிக்கிட்டால் வீதி நிறைய வாகனம், அப்போது புதுப் பாலமும் இல்லை. அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தும் கடலடித் தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. சுமாத்திராவின் பண்டா ஆச்சே நகரிலும் அன்று வீதிகள் வாகனத்தால் அடைத்துப்போயின. ஆகவே நேரத்தோடு சொல்லட்டும், எங்கே போவது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நடக்கக்கூடியவர்கள் நடக்கட்டும், வாகனம் நோயாளிக்கும் வயதானவர்களுக்கும். நேரம் போதாவிட்டால் பலமான மாடிக் கட்டடத்தில் ஏறுங்கள். முதல் அலையோடு இறங்கி வராதீர்கள், பிறகு வருவது பெரிதாக இருக்கலாம்.

கடல்தண்ணீர் ஏறிய கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தால் உப்புப் போகுமா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

போகாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள எங்கள் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, கண்டபடி இறைத்தால் கீழே உள்ள உப்புத்தான் மேலே வரும். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கிணறுகளை ஆராய்ந்தவர்களும் கழுவியது மாரி மழைதான் என்று கண்டார்கள். சேறும் குப்பையும் போக ஒருமுறை மெதுவாக இறையுங்கள், குளோரின் போடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், அதுவரை குடிக்க வெளித்தண்ணீர்தான்.

வெள்ளம் வீதியை மூடினாலும் உழவு இயந்திரம் போகும்தானே? (வாசகர், வெல்லாவெளி)

2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் அடிபட்டுப்போன உழவு இயந்திரத்தில் இருந்தவை மத்ரஸாப் பிள்ளைகள். வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி வருவது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஓடும் தண்ணீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஆளை விழுத்தும், 60 சென்ரிமீற்றர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். உழவு இயந்திரம் பாரம்தான், ஆனால் பெட்டியில் இருப்பவர்களைப் பிடித்துவைக்க அதில் ஒன்றும் இல்லை, தண்ணீருக்குக் கீழே வீதி அரித்துப்போயிருந்தால் ஓட்டுபவருக்கும் தெரியாது. நேற்றுப் போனேன் என்ற துணிவுதான் ஆளைக் கொண்டுபோகிறது. உங்கள் ஊர் மதகுக் கட்டையில் வீதியிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் ஒருவரும் இறங்குவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுங்கள். அக்கரையில் நோயாளி இருந்தால் 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள், வள்ளம் கேளுங்கள்.