மூன்றில் இரண்டு பங்கு பலம் இருந்தால் அரசியலமைப்பில் எதையும் மாற்றிவிடலாமா?

முடியாது. ஆனால் ‘முடியாது’ என்று அரசியலமைப்பில் எந்த இடத்திலும் எழுதியிருக்காது. வேடிக்கையே அதுதான்.

திருத்தும் வழியைச் சொல்வது 368ஆவது பிரிவு. மக்களவையில் 543 இடங்கள். 500 பேர் வாக்களித்தால் 334 பேர் ஆதரிக்க வேண்டும். எத்தனை பேர் வந்தாலும் 272க்குக் குறையக் கூடாது. மாநிலங்களவையிலும் இதே கணக்குதான். குடியரசுத் தலைவர் தேர்தல், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு போன்றவற்றில் கைவைத்தால், பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, இதையெல்லாம் தாண்டிவிட்டால்? அங்கேதான் கேசவானந்த பாரதி வழக்கு வருகிறது. காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவராக இருந்தவர் அவர். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் 68 நாள் விசாரித்தார்கள். 1973 ஏப்ரல் 24 அன்று, 7க்கு 6 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பு: நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. வீட்டுக்குப் புது வண்ணம் பூசலாம், சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கலாம், அஸ்திவாரத்தைத் தோண்டக் கூடாது. இத்தனைக்கும், அந்த நிலச் சட்டத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்ததால் அவர் எதிர்த்த 29ஆவது திருத்தம் செல்லும் என்றே நீதிமன்றம் சொன்னது, பாவம்.

எது அடிப்படை என்பதற்கு முழுப் பட்டியல் கிடையாது. மதச்சார்பின்மை, கூட்டாட்சி, நீதித்துறைச் சுதந்திரம் என்று வழக்குக்கு வழக்கு சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நெருக்கடி நிலையின்போது, 1976இல், 42ஆவது திருத்தம் ‘திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை’ என்று எழுதிவைத்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அதை அடித்துத் தள்ள உதவியது இந்தக் கோட்பாடுதான்.