கோஸ்டரிக்காவில மனுசியும் நானும் தனியக் கார் எடுத்து ஓடலாமோ, இல்லாட்டி டூர் பஸ் தான் நல்லதோ?

ஓடலாம் தம்பி, பயப்படாமல் எடுங்கோ. கலியாணம் கட்டி ரெண்டு வருசம், பத்து நாள் லீவு, எரிமலை காடு கடற்கரை மூண்டும் பாக்கோணும், சொந்த இடம் கிளிநொச்சி எண்டெல்லாம் எழுதியிருக்கிறியள், அதாலதான் பதில் எழுத வந்தனான். நானும் இவரும் 2018 மாசியில கனடா ஸ்காபரோவில இருந்து போய் பதினொரு நாள் சுத்தினனாங்கள். இப்ப திரும்பி வந்து முள்ளியவளையில இருக்கிறம். காரை முழுக்க ஓடினது நான்தான், இவருக்கு மலை வளைவில தலை சுத்தும்.

முதல்ல காசுக் கதை. நெட்டில காட்டின வாடகையை நம்பிப் போனம், கவுண்டரில மூண்டாம் ஆள் இன்சூரன்ஸ் (நாங்கள் இடிச்சால் மற்ற ஆளுக்குக் குடுக்கிறது) கட்டாயம் எண்டு சொல்லி மொத்தக் கணக்கை மூண்டு மடங்கா ஏத்திப் போட்டினம். அது அந்த நாட்டுச் சட்டம், கிரெடிட் கார்ட்டோட வாற இன்சூரன்ஸ் நீங்கள் வாடகைக்கு எடுத்த காருக்கு மட்டும்தான், அதுக்குச் செல்லாது. சட்டத்தில எனக்குக் கோவமில்லை, முதலே சொல்லேல்ல எண்டதுதான் கோவம். நீங்கள் எல்லாம் சேத்து எவ்வளவு எண்டு கேட்டு எழுத்தில வாங்கிக்கொண்டு போங்கோ.

போவாஸ் எரிமலை 2017 சித்திரையில வெடிச்சதால நாங்கள் போகேக்க பூட்டு. இராசு எரிமலைக்குப் போனம், 3,432 மீற்றர் உயரம், எரிமலை வாய்க்குக் கிட்ட வரைக்கும் கார் போகும், சரியான குளிர், சுவெட்டர் கொண்டு போங்கோ. அரெனால் 1968இல வெடிச்சு ஊர்மனையளை அழிச்ச மலை, 2010 வரைக்கும் கொதிச்சுக்கொண்டு இருந்தது, இப்ப அடங்கியிருக்கு. நெருப்புக் குழம்பு ஓடுறதைப் பாக்கலாம் எண்டு நினைச்சுப் போகாதேங்கோ.

அரெனால் பக்கத்தில இருந்து பாத்தால் மொண்டவெர்டே எண்ட மலைக்காட்டு ஊர் மேப்பில இந்தா கிடக்கு எண்ட மாதிரித்தான் தெரியும், ஆனா நடுவில பெரிய ஏரி, அதைச் சுத்தி திலரான் பக்கத்தால ஏறோணும், மூண்டு நாலு மணித்தியாலம் எடுக்கும். நாங்கள் போகேக்க திலரான் தாண்டினாப் பிறகு கனதூரம் கிரவல். எங்கட கார் ஜிம்னி எண்ட சின்ன ஜீப் ஒண்டு, கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புழுதி, அடியில கல்லுத் தெறிச்சு டக்டக் எண்டு சத்தம், ஒரு பக்கம் பள்ளம். இவர் மேல இருக்கிற பிடியை விடேல்ல. எனக்குக் கை நடுங்கேல்ல. நான் புதுக்குடியிருப்பு கிரவல் றோட்டில அப்பான்ர லாண்ட்மாஸ்டர் (கையால பிடிச்சு ஓடுற ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில இருந்து வளர்ந்தவள், பதினாலு வயசில ஹாண்டில் பிடிச்சவள். குழிக்குள்ள விழேக்க பிரேக் பிடிக்காத, குழிக்கு முதலே பிடிச்சுப் போட்டு விட்டிடு எண்டு அப்பா சொல்லித் தந்தது. அண்டைக்கு அந்த மலையில அதைத்தான் செய்தனான், மனுசன் இண்டைக்கும் ஆக்களுக்குச் சொல்லுவார். பொம்பிளை பெருமை பேசுறா எண்டு சொல்ல வாறவை சொல்லுங்கோ, எனக்கு அது பெருமைதான்.

மொண்டவெர்டேயில நாங்கள் தங்கின வீட்டுக்காரம்மா ராத்திரி கோப்பி தந்து அந்த ஊர் வந்த கதை சொன்னவ. 1951இல அமெரிக்காவின்ர அலபாமாவில இருந்து குவேக்கர் எண்ட கிறிஸ்தவ சபைச் சனம் கொஞ்சம் வந்து குடியேறினதாம். ஆமியில சேரமாட்டம் எண்டு நிண்டதுக்காக அதில நாலு பேர் மறியலுக்கும் போனவையாம். கோஸ்டரிக்கா 1948இல ஆமியையே கலைச்ச நாடு, அதாலதான் இந்த இடத்தைத் தேர்ந்தவையாம். இவர் கோப்பியைக் கீழ வச்சிட்டார். அறைக்கு வந்தாப் பிறகுதான் கதைக்கத் தொடங்கினார், சண்டைக்காலத்தில பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்ட பயத்தில, பதினாறு வயசில தன்னை அம்மா எட்டு மாசம் பள்ளிக்கூடம் அனுப்பாமல் உள்ளறைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்ததை, இருமல் வந்தால் தலைகாணியைக் கடிச்சதை. கலியாணம் கட்டி ஆறு வருசம், அண்டைக்குத்தான் முதல் முதல் கேக்கிறன். (ஆர் பிடிச்சது, ஆருக்கு ஒளிச்சது எண்டு இங்க சண்டைக்கு வராதேங்கோ, நான் அதை எழுதேல்ல.) அடுத்த நாள் இறக்கம் முழுக்க கதைச்சுக்கொண்டே வந்தார், நான் ஓடிக்கொண்டே கேட்டனான். ஐம்பது பேரோட டூர் பஸ்ஸில போயிருந்தா அந்தக் கதை வந்திராது, அதாலதான் காரை எடுங்கோ எண்டு இவ்வளவு சொல்லுறன்.

இன்னொண்டு, கேட்டதுக்குச் சம்மந்தமில்லை, ஆனா சொல்லாமல் விட ஏலாது. வற்றாப்பளை அம்மன் கோயில்ல போன வைகாசிப் பொங்கலுக்கு நிக்கேக்க தெரிஞ்ச ஒரு அக்கா, பிள்ளையில்லாததுகள், அதான் ஊர் ஊரா காசைக் கரைக்குதுகள் எண்டு பக்கத்து ஆளுக்குச் சொன்னது என்ர காதில விழுந்தது. ரெண்டு தரம் வயித்தில நிண்டு இல்லாமல் போனது அவவுக்குத் தெரியாது. ஒருதற்ற பயணத்தையும் அவையின்ர வயித்தையும் சேத்துக் கதைக்காதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன்.

சரி, மிச்சம். பின்னேரம் ஆறு மணிக்கு இருட்டிடும், எங்கட ஊர் மாதிரித்தான். ஒட்டுசுட்டானில யானைக்குப் பயந்து பொழுதுபட முதல் வீடு வருவம் எல்லே, கோஸ்டரிக்காவில இருட்டில பயப்பட வேண்டியது மழையும் குழியும், றோட்டுக் கரையில நடக்கிற சனமும். ஆத்துத் தண்ணிக்குள்ள காரை இறக்காதேங்கோ, இன்சூரன்ஸ் தராது. வைகாசியில இருந்து கார்த்திகை வரைக்கும் மழைக்காலம், மார்கழிக்குப் பிறகு போங்கோ. தார்கோலெஸ் ஆத்துப் பாலத்தில இறங்கிக் கீழ பாருங்கோ, முதலையள் வரிசையாக் கிடக்கும். கடற்கரையோட இருக்கிற மனுவேல் அந்தோனியோ பார்க் இப்ப செவ்வாய்க்கிழமை பூட்டு, டிக்கெட் நெட்டில முதலே எடுக்கோணும், சாப்பாடு கொண்டு போக விடாயினம். முல்லைத்தீவில சூரியன் கடலால எழும்பி வாறதைத்தான் நான் கண்டிருக்கிறன், கடலுக்குள்ள இறங்கிப் போறதை அந்தக் கரையில இவற்ற தோளில சாய்ஞ்சு இருந்து பாத்தனான்.

கார் எடுக்கேக்க மனுசியின்ர பேரையும் ஓடுற ஆளாப் போடச் சொல்லுங்கோ தம்பி, பேர் போடாத ஆள் ஓடி அடிபட்டால் இன்சூரன்ஸ் செல்லாது.