சர்வர் எங்கே இருந்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளோடு பழகிய எங்கள் ஊர்ப் பையன், அவளுடைய அந்தரங்கப் படங்களை வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் போட்டுவிட்டான். புகார் கொடுக்கப் போனால், அந்தத் தளம் இயங்கும் கணினி, அதாவது சர்வர், வெளிநாட்டில் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். எல்லா நாடுகளும் சேர்ந்து இணையத்துக்கு ஒரே சட்டம் போட்டால் என்ன?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

படித்ததும் மனசு பதறியது. தப்பு அவள் மேல் இல்லை என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

சர்வர் எங்கே இருந்தாலும் படத்தைப் போட்டவன் உங்கள் ஊரில்தானே இருக்கிறான்? அவன் மேல் நடவடிக்கை எடுக்க உலகச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஐடி சட்டம் எனப்படும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகளைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள். அப்புறம், அந்தரங்கப் படங்கள் சம்மதமில்லாமல் பரவுவதைத் தடுக்க உதவும் ‘ஸ்டாப் என்சிஐஐ’ தளத்தில் அவளையே படங்களைப் பதியச் சொல்லுங்கள். படம் போனை விட்டு வெளியே போகாது, அதிலிருந்து கணக்கிட்ட ஓர் எண் மட்டும்தான் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதே படம் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். அந்த வெளிநாட்டுத் தளத்தை இது தொடாது. ஆனால் பரவுவது குறையும்.

சரி, அந்தத் தளத்தை நடத்துகிறவர்களை என்ன செய்வது? அங்கேதான் நாடுகள் கைகோக்க வேண்டும். 2024 டிசம்பர் 24 அன்று ஐநா பொதுச்சபை சைபர் குற்ற உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. சம்மதம் இல்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதைக் குற்றமாக்கச் சொல்கிறது அதன் 16ஆவது பிரிவு. 40 நாடுகள் உறுதி செய்தால்தான் அமலுக்கு வரும். இந்தப் பிரிவை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் அதே உடன்படிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. 4 வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை உள்ள எந்தக் குற்றத்துக்கும் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் மின்னணுச் சாட்சியம் கேட்கலாம். எதற்கு எத்தனை வருடம் என்பது அந்தந்த நாட்டின் இஷ்டம். தாய்லாந்தில் அரசரை அவமதித்தால் 3 முதல் 15 வருடம். அரசியல் காரணத்துக்காகக் கேட்டால் மறுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் மறுக்கும் மனசு சாட்சியம் கேட்கப்படும் அரசுக்கு இருக்க வேண்டுமே. உங்கள் அக்கா மகளுக்காகத் திறக்கும் கதவு வழியாக ஓர் எழுத்தாளனைத் தேடியும் ஆள் வரலாம். அதனால் இணையம் முழுவதற்கும் ஒரே சட்டம் எனக்கு வேண்டாம். இந்த ஒரு கொடுமைக்கு மட்டும் தனி ஒப்பந்தம் போட்டால் அதற்காக நானும் கூட நின்று பேசுவேன்.

புகாரை வாங்க மறுத்தால் உடனே எழுதுங்கள். இதே மாதிரி வழக்குகளை நடத்தும் வக்கீல் ஒருவரை எனக்குத் தெரியும், அவரிடம் பேசுகிறேன்.